லாகோஸில் ஓவியம் பார்க்க: பாலங்களைக் கணக்கில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நான் முதன்முதலாகத் தேடிப் போன கேலரிக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. ஆள் உயரத்துக்கு மேலே கறுப்பு இரும்பு கேட், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு. தட்டினேன். இரண்டு கண்கள் தெரிந்தன. “ஹூ யூ டே ஃபைண்ட்?” என்றார் காவல்காரர். யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று பிட்ஜினில், அதாவது அந்த ஊர்க் கலப்பு ஆங்கிலத்தில் கேட்கிறார். “படம் பார்க்க வந்தேன்” என்றேன். திறப்பு மூடிக்கொண்டது.

அப்புறம் அந்த ஊரில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். இகேஜாவில் அலுவலகம், சனி ஞாயிறு கேலரி. அந்தக் காவல்காரர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது மெல்லத்தான் விளங்கியது. பாரிஸ், லண்டன் மாதிரி டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று பார்க்கிற கலை இங்கே கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் யாரோ ஒருவருடைய வீட்டில், பட்டறையில், மாடியில், கேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஓர் ஆளின் பெயரைச் சொன்னால் அதே கேட் திறக்கும். உள்ளே போனால் உட்கார வைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து, இரண்டு மணிநேரம் பேசுவார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாகோஸ் ஒரு பக்கம் தீவுகள், ஒரு பக்கம் பெருநிலம். நடுவில் காயல். இரண்டையும் சேர்ப்பது பாலங்கள். அவற்றில் நீளமான மூன்றாவது பெருநிலப் பாலம் மட்டும் பதினொரு கிலோமீட்டருக்கு மேல். நெரிசலை அந்த ஊரில் ‘கோ-ஸ்லோ’ என்பார்கள். காலையில் தீவு, மதியம் பெருநிலம், மாலையில் திரும்பத் தீவு என்று திட்டம் போட்டு வருகிற நண்பர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்த்ததெல்லாம் பாலம்தான். ஒரு நாளைக்கு ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள திட்டம் அந்தக் கணக்கில் போட்டதுதான். ஐந்து நாள் போதும். ஆறு இருந்தால் சொகுசு.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் வாரம்தான் ஊரே கலையாகக் கிடக்கும் நேரம். 2016இல் டோகினி பீட்டர்சைட் தொடங்கிய ‘ஆர்ட் எக்ஸ் லாகோஸ்’ சந்தை அப்போதுதான் நடக்கும். சமீப ஆண்டுகளில் விக்டோரியா ஐலண்டில் உள்ள ஃபெடரல் பேலஸ் ஓட்டலில் நடந்து வருகிறது. எல்லா கேலரிகளும் தங்கள் சிறந்த கண்காட்சியை அந்த வாரத்துக்கென்றே எடுத்து வைத்திருப்பார்கள். 2010இல் பிறந்த ‘லாகோஸ்ஃபோட்டோ’ புகைப்பட விழா நடக்கிற வருடமானால் அதுவும் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். மழையும் விட்டிருக்கும். ஏப்ரலில் ஆரம்பித்து ஜூனில் கொட்டித் தீர்க்கும் மழை, செப்டம்பர் அக்டோபரில் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஆனால் என் சொந்தச் சிபாரிசு ஜனவரி, பிப்ரவரி. நவம்பரில் ஓவியர்களைப் பார்க்கலாம், பேச முடியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் பேசுகிற கதைதான். பிப்ரவரியில் சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் புழுதிக்காற்று வானத்தைச் சாம்பல் நிறமாக்கியிருக்கும், உதடு வெடிக்கும். ஆனால் மனிதர்களுக்கு நேரம் இருக்கும். லாகோஸ் பினாலே நடக்கிற வருடமானால் இரட்டை லாபம். 2017இல் ரயில்வே வளாகம் ஒன்றின் பழைய கொட்டகையில் தொடங்கிய விழா அது. 2024 பிப்ரவரியில் தஃபாவா பலேவா சதுக்கத்தில், ‘புகலிடம்’ என்ற தலைப்பில் நடந்தது.

இரண்டாம் படி: ஊசி, விசா, குறுஞ்செய்தி

இதில் ஊசிதான் முதலில். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் நைஜீரியா பயணம் கிடையாது. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லுபடி ஆகும். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். நாள் கேட்டுக்கொண்டு போங்கள். மலேரியாவுக்கு மருத்துவரைப் பார்த்து மாத்திரை. 2025 மே முதல் இ-விசா வந்துவிட்டது. கிளம்பும் முன் புதிய விதிமுறையைச் சரிபாருங்கள். துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் விமானம் மாறிப் போக வேண்டும்.

அடுத்தது பலர் செய்யாத வேலை. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போதே இன்ஸ்டாகிராமில் உட்காருங்கள். லாகோஸ் கலையுலகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வலைத்தளங்கள் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்குப் பிடித்த நாலைந்து ஓவியர்களுக்கு எழுதுங்கள். “நான் இந்தியாவிலிருந்து வருகிறேன், உங்கள் இந்தப் படத்தைப் பார்த்தேன், இன்ன தேதிகளில் இருப்பேன், பட்டறைக்கு வரலாமா?” என்று நாலே வரி. குறிப்பாக ஒரு படத்தின் பெயரைச் சொல்லுங்கள். நான் எழுதியவர்களில் பாதிக்கு மேல் பதில் போட்டார்கள். பிறகு பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறும். அந்த எண்தான் காவல்காரரின் கேள்விக்கு உங்கள் விடை.

மூன்றாம் படி: தங்கும் இடம்

தீவுப் பக்கம் இகோயி அல்லது விக்டோரியா ஐலண்ட். இதில் சிக்கனம் பார்த்துப் பெருநிலத்தில் தங்கினால் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலில் விடுவீர்கள். ஊபர், போல்ட் இரண்டும் ஓடுகின்றன. முழுநாளுக்கு ஓட்டுநரோடு கார் பேசிக்கொள்வது உத்தமம், ஏனென்றால் பட்டறைகள் இருக்கும் சந்துகள் வரைபடத்தில் வராது. ஓட்டுநர் இறங்கி நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு வருவார்.

நான்காம் படி: முதல் நாள் ஓனிகான், பழையதிலிருந்து

புதுக்கலை பார்க்க வந்தவரை அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறானே என்று நினைக்காதீர்கள். லாகோஸ் ஓவியர்கள் எதை வைத்து விளையாடுகிறார்கள், எதோடு சண்டை போடுகிறார்கள் என்பது தெரியாமல் கேலரிக்குள் போனால் நிறம் மட்டும்தான் கண்ணில் படும்.

ஓனிகானில் உள்ள தேசிய அருங்காட்சியகம் 1957இல் கென்னத் மரே என்ற ஆங்கிலேயர் நிறுவியது. உள்ளே நைஜீரியாவின் பழங்காலக் கலைமரபுகள்: நோக் சுடுமண் தலைகள், இஃபே, இக்போ-உக்வு, பெனின் வார்ப்புகள். (பெனின் என்றது இங்கிருந்த பழைய அரசை, பக்கத்து நாட்டை அல்ல.) வெளிச்சம் போதாது, விளக்கப் பலகைகள் மங்கியிருக்கும், அதை மன்னித்துவிடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் அரண்மனையைச் சூறையாடி அள்ளிக்கொண்டு போனவற்றில் 119 பொருட்களை 2025 ஜூனில் நெதர்லாந்து திருப்பித் தந்தது. அந்த விழா நடந்தது இங்கேதான். ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்த செய்தியை 2014இல் படித்தவர்களுக்கு இந்த மண்டபத்தில் நிற்கும்போது தொண்டையில் என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

நைஜீரியச் சிற்பியும் ஓவியருமான பென் என்வொன்வு 1950களின் நடுவில் இந்த அருங்காட்சியகத்துக்காகவே வார்த்த ‘அன்யன்வு’ வெண்கலத்தின் முன் கால்மணி நேரமாவது நில்லுங்கள். இக்போ மொழியில் அன்யன்வு என்றால் சூரியனின் கண். ஒரு பெண் மண்ணிலிருந்து எழுந்து லேசாக முன்னால் வளைகிறாள். தலையில் பெனின் அரசகுலப் பெண்களின் கொண்டை, கழுத்தில் பவளம். பாதத்தைத் தேடினால் இருக்காது. உடல் கீழே போகப்போக மெலிந்து ஒரு நாக்கு மாதிரி முடிந்துவிடும். நம் சோழர் செப்புத்திருமேனிகளில் பீடமும் பாதமும் எவ்வளவு உறுதியாக ஊன்றி நிற்கும்! அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பாதமின்மை முதலில் குறையாகத் தெரியும், பிறகு அதுதான் எழுச்சி என்று தெரியும். இதன் இன்னொரு வடிவத்தை நைஜீரியா 1966இல் ஐ.நா. சபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது, நியூயார்க்கில் இருக்கிறது.

என்வொன்வு பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1970களில் வரைந்த ‘டுட்டு’ ஓவியம் பல ஆண்டு காணாமல் போய், லண்டனில் ஒரு வீட்டில் கிடைத்து, 2018இல் 12 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. நைஜீரிய ஓவியத்தின் விலையைப் பற்றி ஊரில் யார் பேசினாலும் அந்தக் கதையில்தான் ஆரம்பிப்பார்கள்.

அதே வளாகத்தில் தோட்டா துளைத்த கறுப்பு மெர்சிடிஸ் கார் ஒன்று நிற்கிறது. 1976 பிப்ரவரியில் ராணுவ ஆட்சித் தலைவர் முர்தாலா முகமது அலுவலகம் போகும் வழியில் சுடப்பட்டது அதில்தான். கலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பார்ப்பீர்கள்.

வெளியே வந்தால் எட்டும் தூரத்தில் ஜான் ரேண்டில் யோருபா பண்பாட்டு மையம். 1928இல் டாக்டர் ரேண்டில் ஊர் மக்களுக்காகக் கட்டிய நீச்சல்குளம் இருந்த இடம். இங்கே மங்கல் விளக்கு கிடையாது. ஒலி, திரை, முகமூடி என்று, இந்தப் பகுதியின் பெரிய இனமான யோருபாக்களே யோருபாக்களைச் சொல்கிறார்கள். பக்கத்து அருங்காட்சியகத்திலிருந்து நேரே வந்தால்தான் அந்த வித்தியாசம் உறைக்கும்.

மாலையில் ஃப்ரீடம் பார்க். ஆங்கிலேயர் காலத்துச் சிறைச்சாலை. கட்டடக்கலைஞர் தியோ லாசன் அதை 2010இல், சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டில், பூங்காவாக்கினார். கைதிகளின் அறைகள் இருந்த இடத்தில் கடைகள். பாட்டு, நாடகம், கண்காட்சி நடக்கும். ஒரு தட்டு ஜோலோஃப் சோறு (தக்காளி சாதம் மாதிரி) வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த மேசையில் சிற்பியோ கவிஞரோ இருப்பார்.

திரும்பும் வழியில் மரீனா சாலையில் மின்வாரியத் தலைமையகத்தை ஒட்டிக் காரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். என்வொன்வுவின் ‘ஷாங்கோ’, 1964. இடிமின்னலுக்கான யோருபா தெய்வத்தை மின்வாரிய வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். நம்மூரில் இந்திரனை வஜ்ராயுதத்தோடு அண்ணாசாலை மின்வாரியத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? வாரியத்தின் பழைய பெயர் ‘நெப்பா’. எப்போதும் மின்சாரத்தை எதிர்பார்க்காதே என்று அந்த எழுத்துகளுக்கு மக்கள் விரிவாக்கம் சொல்வார்கள். நீங்கள் கேலரியில் இருக்கும்போது விளக்கு அணையும், ஜெனரேட்டர் உறுமும், யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். மின்சாரம் திரும்பினால் தெருவில் பிள்ளைகள் “அப் நெப்பா!” என்று கத்துவது கேட்கும்.

ஐந்தாம் படி: இரண்டாம் நாள் நிக்கே

Nike என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து நைக்கி என்று படித்துவிடாதீர்கள், அது செருப்பு. இவர் நிக்கே. ‘சீஃப்’ பட்டம் பெற்ற துணிக்கலைஞர் நிக்கே டேவிஸ்-ஒகுண்டாயே, 1951இல் ஒகிடியில் பிறந்தவர். ஊரே அவரை ‘மாமா நிக்கே’ என்று கூப்பிடும். மாமா என்றால் அங்கே அம்மா. முதல் நாள் என் வாயில் அந்தச் சொல் வரவே மாட்டேன் என்றது.

லெக்கியில் உள்ள அவருடைய கேலரி பல மாடிக் கட்டடம், உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. சுவரில் இடம் போதாமல் படிக்கட்டு, தூண், தரை எல்லா இடத்திலும் படம். ஆயிரக்கணக்கில் இருக்கும். நல்லதும் இருக்கும், சுமாரும் இருக்கும், விமான நிலையக் கடைக்குப் போக வேண்டியதும் இருக்கும். தேர்ந்தெடுத்துத் தொங்கவிடும் வேலையை அவர் செய்வதில்லை, உங்களிடம் விட்டுவிடுகிறார். அதனால் கீழிருந்து மேலே ஒரு தடவை நிற்காமல் நடந்து போய்விட்டு, எந்த மூன்று படம் மனத்தில் நின்றதோ அவற்றுக்கு மட்டும் திரும்புங்கள். நின்று நின்று பார்த்தால் இரண்டாம் மாடியிலேயே கண் களைத்துவிடும்.

நான் அங்கே திரும்பத் திரும்பப் போனது ஓவியத்துக்காக அல்ல, அடிரேவுக்காக. அடி என்றால் கட்டு, ரே என்றால் சாயத்தில் முக்கு. சுங்குடி தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்: ‘ஓனிகோ’ வகையில் துணியை விதையோ கல்லோ வைத்து ஈச்ச நார் போன்ற ராஃபியாவால் முடிந்து அவுரியில் முக்குகிறார்கள். அவுரிக்கு யோருபாவில் ‘எலு’. ஆனால் ‘எலேகோ’ என்ற வகை நம்மிடம் இல்லாதது. ஒரு பெண் கிண்ணத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவுக் கஞ்சி வைத்திருப்பார். கெட்டியாக, போஸ்டர் ஒட்டும் பசை பதத்தில். கையில் ஒரு கோழி இறகு. இறகைக் கஞ்சியில் தொட்டுத் துணியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒவ்வொன்று வரைவார். அளவுகோல் இல்லை, முன்வரைவு இல்லை. கஞ்சி காய்ந்ததும் அவுரித் தொட்டி. கஞ்சி இருந்த இடத்தில் சாயம் ஏறாது. பிறகு கஞ்சியைச் சுரண்டி எடுத்தால் கருநீலத்தில் வெளிர்நீலக் கோடுகள் வரும்.

‘இபாடான்டுன்’ என்ற பழைய கோலத்தைக் காட்டச் சொல்லுங்கள். இபாடான் இனிமையான ஊர் என்று பொருள். அந்த ஊர் மாப்போ மண்டபத்துத் தூண்கள் வரிசையாக நிற்கும், தூணுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு கரண்டி. மண்டபம் காலனி அரசாங்கம் கட்டியது, கரண்டி அடுப்படியிலிருந்து வந்தது. ‘சமகாலக் கலை’ என்ற பேச்செல்லாம் வருவதற்கு முன்பே அந்தப் பெண்கள் ஊர்ச் செய்தியைத் துணியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிக்கே இந்தக் கையைக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கற்றவர். 1983இல் ஓசோக்போவில் பட்டறை தொடங்கி இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். ஊரில் இருந்தால் பெரும்பாலும் கேலரியிலேயே இருப்பார், பெரிய தலைப்பாகையோடு. இருந்தால் உங்கள் தலையிலும் ஒன்று கட்டிவிட்டு ஆடச் சொல்வார். ஆடிவிடுங்கள்.

பக்கத்திலேயே ஜக்காண்டே கைவினைச் சந்தை. மரச்சிற்பம், பாசிமணி, முகமூடி. இங்கே பேரம் உண்டு, சொல்லும் விலையில் பாதியில் ஆரம்பிக்கலாம். ‘நூறு வருடப் பழசு’ என்று யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பொய்யானால் பணம் போச்சு. நிஜமானால் நீங்கள் குற்றவாளி.

ஆறாம் படி: மூன்றாம் நாள் இகோயி, விக்டோரியா ஐலண்ட்

இன்றுதான் வெள்ளைச் சுவர் கேலரிகள். முந்தின நாளே செய்தி அனுப்பி, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறு, திங்கள் பல இடங்கள் மூடல்.

2015இல் அடென்ரேலே சோனாரிவோ தொடங்கிய ‘ரேலே’ புதிய கைகளைத் தேடிப் பிடிப்பதில் பெயர் பெற்றது. லண்டனில் தொடங்கிய ‘டிவானி’ 2022இல் இங்கே கிளை போட்டது. இகோயியில் உள்ள ‘கோ’ கேலரிக்கு நான் கூடுதலாக அரைமணி ஒதுக்குவேன். அதை 2020இல் தொடங்கிய கவிதா செல்லாராம், நைஜீரியாவில் நூறாண்டாக வணிகம் செய்யும் சிந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2007இல் ஆர்ட்ஹவுஸ் ஏல நிறுவனத்தை உண்டாக்கியவரும் அவரே. மூத்த தலைமுறை ஓவியர்களைத் தரமான வெளிச்சத்தில் பார்க்க வசதியான இடம்.

மூத்த தலைமுறை என்றால் யார்? 1958இல் வடக்கே சாரியா நகரக் கல்லூரியில் உச்சே ஒகேகே, டெமாஸ் ந்வோகோ, புரூஸ் ஓனோபிராக்பேயா, யூசுஃப் கிரில்லோ உள்ளிட்ட மாணவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். ஐரோப்பிய ஆசிரியர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் மாட்டோம், தூக்கி எறியவும் மாட்டோம், நம்முடையதோடு கலப்போம் என்றார்கள். ‘சாரியா கலகக்காரர்கள்’ என்று பெயர் வந்துவிட்டது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் அமைத்தபோது அவர்கள் மனத்திலும் இதே கேள்விதான் இருந்தது. ஒருவரை ஒருவர் தெரியாது.

இன்றைய ஆட்களில் நான் தேடிப் பார்ப்பவர்கள் மூவர். நெங்கி ஒமுக்கு கான்வாஸில் வரைவதில்லை. காட்டுப்பட்டும் பருத்தியும் கலந்து யோருபாக்கள் நெய்யும் ‘சன்யான்’ துணியின் குறுகிய பட்டைகளைச் சேர்த்துத் தைத்து அதன்மேல் வரைகிறார். மார்செலினா அக்போஜோட்டர் தையல் கடையில் மிஞ்சும் அங்காரா என்ற வண்ண அச்சுத்துணித் துண்டுகளை ஒட்டி முகங்களை உண்டாக்குகிறார். கிட்டப் போனால் வெறும் துணி, நாலடி பின்னால் வந்தால் பாட்டி. கெலானி அபாஸ் அப்பாவின் அச்சகத்துப் பொருட்களைப் படைப்புக்குள் கொண்டுவருகிறார். ஈய எழுத்துகளும் அவற்றுக்கான பெட்டிகளும்! அச்சுக்கோர்ப்பவர் வீட்டில் பிறந்த என் நண்பன் ஒருவன் அதன் முன்னால் நின்றவன் நகரவே இல்லை.

துணி என்றதும் நம் ஊர்க்கதை ஒன்று. இக்போ மக்களும் நைஜர் டெல்டாக்காரர்களும் கல்யாணத்தில் உடுத்தும் விலையுயர்ந்த வேட்டித்துணிக்கு ‘ஜார்ஜ்’ என்று பெயர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேறியதால் வந்த பெயர் என்பார்கள். அந்த டெல்டாவின் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத்துணியை ‘இன்ஜிரி’ என்று கூப்பிட்டு, சில நூல்களை மட்டும் அறுத்து உருவி, அதைத் தங்கள் கோலமாக மாற்றிக்கொள்கிறார்கள். சென்னைக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், துணி தெரிந்த கலைஞர் யாராவது இருந்தால் பேச்சு வேறு மட்டத்துக்குப் போகும்.

கேலரியில் என்ன கேட்பது? “இது என்ன அர்த்தம்” என்பதைவிட “இது எதால் செய்தது, அந்தப் பொருள் எங்கே கிடைத்தது” என்று கேட்டுப் பாருங்கள். லாகோஸ் கலை பாதி பொருளில் இருக்கிறது; பதில் நீளமாக வரும். வணக்கம் சொல்லாமல் கேள்வியில் இறங்குவது யோருபாக்களிடம் பெரிய மரியாதைக்குறைவு. காலையில் “எ காரோ”, மதியம் “எ காசான்”, நன்றிக்கு “எ ஷே”. வயதில் மூத்தவர்களுக்கு ‘சார்’, ‘மா’ போட்டுப் பேசுங்கள்.

பசித்தால் டெரா கல்ச்சர். 2003இல் போலன்லே ஆஸ்டின்-பீட்டர்ஸ் தொடங்கியது. உணவகம், புத்தகக்கடை, கேலரி, நாடக அரங்கு எல்லாம் ஒரே கூரை. இடித்த கிழங்கும் எகுசி என்ற விதையை அரைத்த குழம்பும் சொல்லுங்கள். சைவம் என்றால் கருவாட்டுப்பொடி போடாமல் செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். சும்மா ‘மீட் வேண்டாம்’ என்றால் மீன் வந்து சேரும்.

ஏழாம் படி: நான்காம் நாள் பாலம் கடந்து

அதிகாலையில் கடந்துவிடுங்கள். முதலில் யாபா. மறைந்த பிசி சில்வா 2007இல் நிறுவிய சமகாலக் கலை மையம் அங்கே இருக்கிறது. கண்காட்சி ஏதும் இல்லாத நாளில்கூடப் போகலாம், நூலகத்துக்காகவே. ஆப்பிரிக்கக் கலைபற்றி இவ்வளவு புத்தகங்களை ஒரே அறையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பக்கத்திலேயே யாபா தொழில்நுட்பக் கல்லூரி. அதன் கலைத்துறைக்குத்தான் யூசுஃப் கிரில்லோ தலைமை வகித்தார். அவருடைய நீலத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஓனோபிராக்பேயாவின் பட்டறை முஷினில் உள்ளது. 1932இல் பிறந்த மனிதர். அச்சுத்தகட்டை ஆழமாக அரித்துப் புடைப்பாக எடுக்கும் முறையைத் தானாகவே கண்டுபிடித்தவர். முன்கூட்டிப் பேசாமல் போகக் கூடாது. முஷின் நெரிசலான, உழைப்பாளிகள் பேட்டை; நம் வியாசர்பாடிக்காரர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. கேமராவை வெளியே ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிப் போட்டு அனுமதி வாங்கிய இளைஞர் பட்டறைகளும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கும், வாடகை குறைவு என்பதால். வெறுங்கையோடு போகாதீர்கள். நான் முறுக்கு கொண்டுபோவேன். அங்கே ‘சின்சின்’ என்று ஒரு பொரித்த பண்டம் உண்டு, அதற்கு உறவு என்று உடனே ஒப்புக்கொள்வார்கள். முடிக்காத படத்தைப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இரண்டு மணிநேரம் ஆசை காட்டிவிட்டுப் போவதுதான் அவர்களைப் புண்படுத்தும்.

திரும்பும்போது இகான்முவில் தேசிய அரங்கு. ராணுவத் தளபதியின் தொப்பி மாதிரி வடிவம். 1977இல் உலகெங்கிலுமிருந்து கறுப்பினக் கலைஞர்கள் கூடிய ‘ஃபெஸ்டாக்’ விழாவுக்காகக் கட்டியது. இப்போது நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் வோலே சோயிங்கா பெயரைத் தாங்கிப் புதுப்பித்து நிற்கிறது. அந்த விழாவின் சின்னம் பெனின் ராணி இடியாவின் தந்த முகமூடி. மூலத்தை வைத்திருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இரவல்கூடத் தரவில்லை. பெனினில் நகல் செதுக்கினார்கள். அந்த முகம் இன்றைக்கும் சட்டை, சுவர் என்று ஊர் முழுக்க இருப்பதற்கு அந்த மறுப்பும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்த நீலப்பாதை ரயிலில் இங்கிருந்து மரீனாவுக்குப் போய்விடலாம். ‘கவ்ரி’ அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். கார்கள் கீழே நின்றுகொண்டிருக்க, ரயில் காயலைத் தாண்டும் அந்தச் சில நிமிடம் லாகோஸ்வாசிகளே சன்னல் ஓரத்துக்குப் போட்டி போடுவார்கள்.

எட்டாம் படி: ஐந்தாம் நாள், தூரம் போக மனம் இருந்தால்

லெக்கி–எப்பே சாலையில் வெகுதூரம் போனால் பான்-அட்லாண்டிக் பல்கலைக்கழகம். யெமிசி ஷில்லான் என்ற சேகரிப்பாளர் தந்த 1,000 படைப்புகளோடு 2019 அக்டோபரில் திறந்த அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. ஓனிகானில் குறைப்பட்ட வெளிச்சம், இடைவெளி, விளக்கக் குறிப்பு எல்லாம் இங்கே ஒழுங்கு. என்வொன்வுவும் ஓனோபிராக்பேயாவும் இளையவர்களோடு ஒரே கூரையில். ஒரே சிக்கல், போக வர ஒரு நாள் போய்விடும். உடம்பு கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிடித்த பட்டறைக்கு இரண்டாம் முறை போவது அதைவிட மேல்.

ஒன்பதாம் படி: வாங்குவதும் எடுத்து வருவதும்

கேலரியில் பேரம் இல்லை. “தள்ளுபடி ஏதாவது உண்டா” என்று ஒரு தடவை கேட்கலாம். ஒரு பெரிய கான்வாஸைவிட அச்சுப்படமோ காகித வேலையோ நம் பைக்குக் கட்டும், பெட்டியிலும் அடங்கும். கான்வாஸ் என்றால் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, குழாயில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வண்ணம் உள்பக்கம் இருந்தால் விரிக்கும்போது வெடிப்பு விடும். எனக்கு அப்படி ஒன்று வீணாயிற்று.

பணம் பற்றி ஒரு வரி: வெளிநாட்டு அட்டை எல்லா இடத்திலும் வேலை செய்யாது. குடை விரித்துத் தெருவோரம் உட்கார்ந்து அட்டையைத் தேய்த்துப் பணம் தரும் பி.ஓ.எஸ். ஆட்களிடமும் சில நாள் கைவிரிப்புதான். கையில் நைரா வையுங்கள்.

கட்டாயம் வாங்க வேண்டியவை மூன்று காகிதம். ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழ், ரசீது, தேசிய அருங்காட்சியக ஆணையத்தின் ஏற்றுமதி அனுமதி. தொல்பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போவதற்குத் தடை இருப்பதால், நேற்று செதுக்கிய மரச்சிற்பமானாலும் அது புதிதுதான் என்று ஆணையம் எழுதித் தர வேண்டும். ஓனிகான் அருங்காட்சியகத்திலேயே கேட்கலாம். கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். அதிகாரி சாப்பிடப் போயிருப்பார்.

விமான நிலையத்துக்கு ஐந்து மணிநேரம் முன்பே கிளம்புங்கள், இகோயியிலிருந்து பாலம் கடக்க வேண்டும். ஓவியக் குழாயைக் கைப்பையோடு வையுங்கள், ரசீதைச் சுங்கத்தில் காட்ட வசதியாக மேலேயே வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள். நைஜீரியாவிலிருந்து வருகிறவரிடம் சென்னையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரைக்கும் தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு, பட்டைக்கு முன்னால் நின்று பெட்டிக்காகக் காத்திருந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் தோளில் அன்றைக்கு ஓவியக் குழாய் இருந்தது, அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.